கோட்கர்ச் சாரலில் ஒரு நாள்

என் இளமையில், எங்கள் சிற்றூரின் தெருவழியே ஒருவர் கையில் ஆப்பிள் பழங்களுடன் செல்வாரானால், எந்த வீட்டில் யார் நோயுற்றிருக்கிறார் என்று கேட்பது வழக்கம். மாவும் பலாவும் வாழையும் எங்கள் பழங்கள்; விருந்துக்கும் விழாவுக்கும் உரியவை. ஆப்பிளோ காய்ச்சல்காரரின் பழம். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டோடு சேர்த்து அதனையும் வாங்கிவருவார்கள். தாளில் சுற்றிய பழத்தைப் பிரித்ததும் எழும் குளிர்ந்த மணம் இன்றும் என் நினைவில் இருக்கிறது. அந்த மணம் எங்கிருந்து வருகிறது, அந்தப் பழத்தை யார் பறித்தார், யார் சுமந்தார் என்றெல்லாம் அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை. நோயாளிக்கு நான்கு துண்டும், காத்திருக்கும் சிறுவனுக்கு ஒரு துண்டும் கிடைத்தால் போதும். அவ்வளவே அன்றைய கவலை.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு புரட்டாசி மாதத்தில், அந்தக் கேள்விகளுக்கு விடை காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. இமாசலப் பிரதேசத்தில் ஆசிரியப் பணி செய்துவந்த நண்பர் ஒருவர் என்னை அழைத்திருந்தார். சிம்லாவிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், சட்லெஜ் ஆற்றின் பள்ளத்தாக்கை நோக்கிச் சரியும் மலைச்சாரலில், கோட்கர் என்னும் பகுதி இருக்கிறது. அங்கே ஆப்பிள் அறுவடையின் கடைசி நாள்களில் ஒன்றைத் தோட்டத்திலும் காட்டிலுமாகக் கழித்தேன். அந்த ஒரு நாளையும், அந்த நாளுக்குப் பின்னால் நிற்கும் வரலாற்றையும், நேயர்களாகிய உங்களோடு, சிறப்பாக மாணவ மாணவியரோடு, பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சிம்லாவை விட்டுப் புறப்பட்ட வண்டி, ஏறக்குறைய 2,700 மீட்டர் உயரத்தில் உள்ள நார்கண்டாவை அடைந்தபோது விடிந்து சிறிது நேரமே ஆகியிருந்தது. மழைக்காலம் முடிந்து வானம் கழுவித் துடைத்தாற்போல் இருந்தது. வடக்கே பனிமுடி தரித்த சிகரங்கள் வரிசையாய் நின்றன. நம் நாட்டில் ஐப்பசியை அடைமழையோடு சேர்த்தே எண்ணிப் பழகியவன் நான். இங்கோ மழை விடைபெற்றுப் போய்விட்டது. பனி இன்னும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவே கிடைத்த இந்தச் சில வாரங்களே இம்மலை மக்களின் அறுவடைக் காலம். நார்கண்டாவிலிருந்து சாலை கீழிறங்கித் தானேதார் என்னும் ஊரை நோக்கிச் செல்கிறது. வழிநெடுகத் தோட்டங்கள். ஆலங்கட்டி மழையிலிருந்து பழங்களைக் காக்க மரங்களின்மேல் வெண்ணிற வலைகளை விரித்திருந்தனர். தொலைவிலிருந்து பார்த்தபோது மலைச்சரிவில் யாரோ வேட்டிகளை உலர்த்தியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

எங்களை வரவேற்ற தோட்டக்காரர் எழுபது வயதைக் கடந்த பெரியவர். பச்சைப் பட்டி வைத்த இமாசலக் குல்லாய் அணிந்திருந்தார். அவர் இந்தியில் பேச, நண்பர் எனக்குத் தமிழாக்கிச் சொன்னார். தேநீர் அருந்தியதும் பெரியவர் என் கையில் ஒரு கூடையைக் கொடுத்து, "பார்ப்பவர் இங்கே யாரும் இல்லை, எல்லோரும் பறிப்பவர்களே" என்றார். நானும் பறிக்கத் தொடங்கினேன். தொடங்கிய சிறிது நேரத்திற்குள்ளேயே என் அறியாமை வெளிப்பட்டுவிட்டது. மாங்காயைப் பிடித்து இழுப்பதுபோல் ஓர் ஆப்பிளை இழுத்தேன். பழத்தோடு சிறு கிளையும் முறிந்து வந்தது. பெரியவர் சினம் கொள்ளவில்லை. முறிந்த கிளையை எடுத்து, அதன் நுனியில் உள்ள குறுகிய கணுவைக் காட்டினார். "இது அடுத்த ஆண்டின் பழம்" என்றார்.

ஆப்பிள் மரத்தின் இயல்பு அதுதான். அடுத்த இளவேனிலில் மலரப்போகும் பூவின் கரு இந்தக் கோடையிலேயே அந்தக் கணுவில் உருவாகிவிடுகிறது. குளிர்காலம் முழுவதும் அது அங்கே உறங்கும். ஆகவே பறிக்கிறவன் இன்றைய பழத்தை எடுக்கும்போது நாளைய பழத்தைக் காப்பாற்றவும் வேண்டும். பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, சற்றே மேல்நோக்கி உயர்த்தி, மெல்லத் திருப்பினால், முதிர்ந்த பழம் தானாகவே காம்புடன் கையில் வந்து அமர்கிறது. வராவிட்டால் அது இன்னும் முதிரவில்லை என்று பொருள், விட்டுவிடவேண்டும். காம்பு இல்லாத பழம் விரைவில் அழுகும். ஆதலின் அதற்கு விலை குறைவு. கூடையில் எறிந்தால் பழம் கன்றிப்போகும். ஆதலின் முட்டையை வைப்பதுபோல் வைக்கவேண்டும். ஒரு மணி நேரத்தில் இவ்வளவும் கற்றேன். கல்லூரியில் ஓர் ஆண்டில் சில பாடங்களில் இவ்வளவு கற்றதில்லை.

நிறைந்த கூடைகளைத் தோட்டத்து இளைஞர்கள் வாங்கி, முதுகில் சுமக்கும் கூம்பு வடிவக் கூடைகளில் இட்டு, மேட்டில் உள்ள கொட்டகைக்கு எடுத்துச் சென்றனர். அந்தக் கூடைக்குக் 'கில்டா' என்பது அவ்வூர்ப் பெயர். சுமந்தவர்கள் நேபாள நாட்டிலிருந்து அறுவடைக் காலத்தில் வேலை தேடி வந்தவர்கள். செங்குத்தான பாதையில் அவர்கள் குனிந்த முதுகோடு ஏறிச் சென்ற காட்சியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இந்தப் பேச்சின் இறுதியில் அதற்கு மீண்டும் வருவேன்.

நண்பகலில் மர நிழலில் அமர்ந்து உண்டபோது, "இந்த மரம் இந்த மண்ணுக்கே உரியதா?" என்று கேட்டேன். பெரியவர் நகைத்து, "எங்களைவிடப் பெரிய பயணி அது" என்றார். உண்மைதான். நாம் உண்ணும் ஆப்பிளின் மூதாதை, நடு ஆசியாவில் தியான்ஷான் மலைத்தொடரின் காடுகளில் வளரும் காட்டு ஆப்பிள். 1929-ஆம் ஆண்டில் இரஷியத் தாவரவியல் அறிஞர் நிக்கொலாய் வவிலோவ், இன்றைய கசகஸ்தானில் உள்ள அல்மாத்தி நகரைச் சுற்றிய மலைகளில் காட்டு ஆப்பிள் மரங்கள் அடர்ந்து நிற்பதைக் கண்டு, ஆப்பிளின் தாயகம் இதுவே என்று கருதினார். 'அல்மா' என்றால் கசாக்கு மொழியில் ஆப்பிள் என்றே பொருள். உலகத்து மக்களின் பசியைப் போக்கும் பொருட்டுப் பல நாடுகளிலும் விதைகளைத் திரட்டிய அந்த அறிஞர், தம் நாட்டு அரசின் சினத்துக்கு ஆளாகி, 1943-இல் சராத்தொவ் நகரச் சிறையில் இறந்தார். அவர் கருத்து பிழையன்று என்பதைப் பிற்கால மரபணு ஆய்வுகள் உறுதிப்படுத்தின. நடு ஆசியாவிலிருந்து வணிகச் சாத்துகளின் வழியே மேற்கே சென்ற ஆப்பிள், ஐரோப்பாவின் காட்டு ஆப்பிள்களோடு கலந்து, பின்னர்க் குடியேறியவர்களோடு கடல் கடந்து அமெரிக்காவுக்கும் சென்றது.

இங்கே மாணவர்கள் ஓர் உண்மையைக் கருதவேண்டும். இனிய ஆப்பிளின் விதையை ஊன்றினால் அதே இனிமையுள்ள மரம் முளைப்பதில்லை. ஒரு மரத்துப் பூ வேறொரு மரத்து மகரந்தத்தால்தான் பெரும்பாலும் காய்க்கும். எனவே ஒவ்வொரு விதையும் ஒரு புதுக் கலவை; பத்து விதையிலிருந்து பத்து விதமான மரங்கள் தோன்றும்; அவற்றுள் பெரும்பாலானவை புளிப்பாகவே இருக்கும். நல்ல மரம் ஒன்று கிடைத்துவிட்டால், அதன் கிளையை வெட்டி வேறொரு வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டியே அதனைப் பெருக்கவேண்டும். ஆகையால் ஒரு வகை ஆப்பிள் என்று நாம் சொல்வது, உண்மையில் ஒரே மரம். பல்லாயிரம் இடங்களில் ஒட்டப்பட்ட ஒரே மரத்தின் கிளைகள்.

கோட்கரில் நான் பறித்த செந்நிறப் பழமும் அத்தகைய ஒரு மரத்தின் கிளையே. 'ரெட் டெலிஷியஸ்' என்பது அதன் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜெஸ்ஸி ஹையாட் என்னும் உழவரின் தோட்டத்தில், மரவரிசைக்கு வெளியே ஒரு கன்று தானாக முளைத்தது. வேண்டாத கன்று என்று அவர் அதனை வெட்டினார். அது மீண்டும் தழைத்தது. மீண்டும் வெட்டினார், மீண்டும் தழைத்தது. "வாழவேண்டும் என்று இவ்வளவு உறுதி கொண்டிருக்கிறதே, வாழ்ந்து போகட்டும்" என்று விட்டுவிட்டாராம். அதன் பழங்களை அவர் 1893-இல் மிசௌரி மாநிலத்தில் ஸ்டார்க் சகோதரர் நாற்றுப்பண்ணையார் நடத்திய பழக்காட்சிக்கு அனுப்பினார். பழம் பரிசு பெற்றது. ஆனால் அனுப்பியவர் பெயர் எழுதிய சீட்டுத் தொலைந்துபோயிற்று. பண்ணையார் அடுத்த ஆண்டுவரை காத்திருந்தனர். அந்தப் பழம் மறுபடியும் வந்த பிறகே அதன் உடையவர் யார் என்று தெரிந்தது. இருமுறை வெட்டுண்டு, ஒருமுறை பெயரிழந்து, பின்னர் உலகெங்கும் பரவிய மரம் அது.

அந்த மரம் இமயமலைச் சாரலுக்கு எப்படி வந்தது? அதற்கு முன்பே நம் நாட்டு மலைகளில் ஆப்பிள் இல்லாமல் இல்லை. 1870-இல் கேப்டன் லீ என்னும் ஆங்கிலேயர் குல்லுப் பள்ளத்தாக்கின் பந்த்ரோல் என்ற இடத்தில் தோட்டம் அமைத்தார். 1887-இல் அலெக்சாண்டர் கூட்ஸ் என்பவர் சிம்லாவை அடுத்த மஷோப்ராவில் அமைத்தார். ஆனால் அவர்கள் கொணர்ந்தவை பெரும்பாலும் இங்கிலாந்து மக்களின் சுவைக்கேற்ற புளிப்பு வகைகள். இந்திய நாவு அவற்றை விரும்பவில்லை. இனிய வகையைக் கொண்டுவந்து, அதனை ஏழை உழவனின் பயிராக்கிய பெருமை வேறொருவரைச் சேரும்.

சாமுவேல் எவன்ஸ் ஸ்டோக்ஸ் 1882-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், குவேக்கர் என்னும் கிறித்தவ சமயப் பிரிவைச் சேர்ந்த செல்வக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையின் தொழிலை ஏற்று நடத்தியிருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். இருபத்திரண்டு வயது நிரம்புமுன், 1904-இல், அவர் இந்தியாவுக்குப் புறப்பட்டு வந்தார். சிம்லா மலையடிவாரத்தில் சபாத்து என்னும் ஊரிலிருந்த தொழுநோயாளர் இல்லத்தில் தொண்டு செய்வது அவர் நோக்கம். 1905-இல் காங்க்ராவில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டபோது அங்கும் சென்று உழைத்தார். சில ஆண்டுகள் துறவியைப்போல் எளிய உடையுடுத்தி, ஊர் ஊராகச் சென்று நோயுற்றோர்க்குப் பணி செய்தார். தொண்டு செய்பவன் தொண்டு பெறுபவனுக்கு வெளியே நிற்கக் கூடாது என்ற எண்ணம் நாளடைவில் அவருள் வலுத்தது. 1912-இல் இம்மலைநாட்டுப் பெண்ணாகிய ஆக்னஸ் அம்மையாரை மணந்து, கோட்கர்ப் பகுதியில் நிலம் வாங்கி, உழவராகவே குடியேறினார்.

உழவரான பின்னரே உழவரின் வறுமை அவருக்கு முழுதும் விளங்கியது. சரிவான நிலத்தில் கோதுமையும் பார்லியும் விதைத்து எத்துணை உழைத்தாலும் ஆண்டு முழுவதற்கும் சோறு கிட்டவில்லை. இந்த மண்ணுக்கும் குளிருக்கும் ஏற்ற பயிர் எது என்று ஆராய்ந்த ஸ்டோக்ஸ், முதல் உலகப் போர்க்காலத்தில், 1916-ஆம் ஆண்டையொட்டி, ஸ்டார்க் பண்ணையின் ரெட் டெலிஷியஸ் கன்றுகளைத் தம் தோட்டத்தில் நட்டார். பின்னர்க் கோல்டன் டெலிஷியஸ் என்னும் பொன்னிற வகையும் வந்து சேர்ந்தது. இரண்டும் அருகருகே நிற்பது அழகுக்காக மட்டும் அன்று. செந்நிற மரத்தின் பூ, தன் மகரந்தத்தால் தானே காய்ப்பது அரிது. பொன்னிற மரம் பூந்தாது தந்து உதவுகிறது. தேனீ தூது செல்கிறது.

கன்று நட்டவுடன் ஊரார் பின்பற்றிவிடவில்லை. ஆப்பிள் காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை வயிறு காத்திருக்குமா? கோதுமை விளைந்த நிலத்தை ஒரு வெளிநாட்டாரின் சொல்லை நம்பி மரத்துக்குக் கொடுப்பதா? அவர்கள் அச்சத்தில் தவறில்லை. ஸ்டோக்ஸ் வாதாடிக்கொண்டு இராமல் கன்றுகளைப் பகிர்ந்தளித்தார். நடவும் கிளை கழிக்கவும் கற்றுக்கொடுத்தார். தம் மரங்கள் காய்க்கும் வரை பொறுத்திருந்தார். மரங்கள் காய்த்தபோது அவையே அவர் கட்சியை எடுத்துப் பேசின.

இதுவரை நான் சொன்னது பழத்தின் வரலாறு. அன்று பிற்பகல் பெரியவர் என்னைக் காட்டுக்குள் அழைத்துச் சென்றார். அங்கே கேட்டது சுமையின் வரலாறு.

தோட்டத்தின் வேலியைத் தாண்டியதும் தேவதாரு மரங்கள் தொடங்கின. நம் கோயில் தூண்களைப்போல் நிமிர்ந்து நிற்கும் அவற்றின் அடியில் வெயில் துணுக்குத் துணுக்காக விழுந்தது. நிலமெங்கும் ஊசியிலைகளின் மெத்தை. காலடி ஓசையே கேட்கவில்லை. மேலே செல்லச் செல்ல நீலப் பைன் மரங்களும், இன்னும் உயரத்தில் கருநிறங் கொண்ட பிர் மரங்களும் தெரிந்தன. இடையிடையே இமாலயக் கருவாலி. அதன் இலை கால்நடைக்குத் தீவனம்; காய்ந்த கிளை அடுப்புக்கு விறகு; உதிர்ந்த சருகு தோட்டத்துக்கு உரம். "எங்கள் தோட்டம் வேலியோடு முடிவதில்லை, இந்தக் காடும் சேர்ந்ததுதான் தோட்டம்" என்றார் பெரியவர். மழைநீரைப் பிடித்துவைத்து ஊற்றாகத் தருவதும், பூக்கும் காலத்துக்கு வேண்டிய காட்டுத் தேனீக்களை வளர்ப்பதும் இந்தக் காடே என்று அவர் விளக்கினார். நடந்து நடந்து தானி ஜுப்பர் என்னும் சிற்றேரியை அடைந்தோம். தேவதாருக்கள் சூழ்ந்த அந்த நீரின் கரையில் நாகதேவதையின் கோயில் ஒன்று இருக்கிறது. அங்கே சற்று அமர்ந்தோம்.

திரும்பும் வழியில் பழைய ஒற்றையடிப் பாதை ஒன்றைக் காட்டி, "என் பாட்டனார் இந்த வழியாகத்தான் சுமை தூக்கினார்" என்றார் பெரியவர். நான் புரியாமல் பார்த்தேன். அவர் 'பேகார்' என்ற சொல்லைச் சொன்னார்.

பேகார் என்பது கூலியின்றியோ, பெயரளவான கூலிக்கோ கட்டாயமாக வாங்கப்படும் உழைப்பு. 1850-இல் டல்ஹௌசி பிரபுவின் ஆட்சியில் இந்துஸ்தான்–திபெத்துச் சாலை இம்மலைகளின் ஊடே வெட்டப்படலாயிற்று. அச்சாலை வெட்டும் வேலைக்கும் பேகார் ஆட்களே பிடிக்கப்பட்டனர். சாலை பிறந்த பின்னர், அதன்வழிச் செல்லும் அதிகாரிகளின் மூட்டை முடிச்சுகளையும், வேட்டைக்கு வரும் துரைமார்களின் கூடாரங்களையும், சுற்றியுள்ள ஊரார் வீட்டுக்கு ஓர் ஆளாக வந்து சுமக்கவேண்டும். விதைப்பு நாளா, அறுவடை நாளா என்று யாரும் பார்ப்பதில்லை. ஆணை வந்தால் கதிரை வயலில் விட்டுவிட்டுப் போகவேண்டும். திரும்பி வரும்போது கதிர் உதிர்ந்திருக்கும்.

இதனைக் கேட்டபோது எனக்கு நம் நாட்டுச் சொல் ஒன்று நினைவுக்கு வந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்றொரு சொல் உண்டு. கூலியின்றிச் செய்யவேண்டிய கட்டாய உழைப்பை அது குறிக்கும். இன்று பயனற்ற செயலை 'வெட்டி வேலை' என்று விளையாட்டாகச் சொல்கிறோம். அந்தச் சொல்லுக்குள் எத்தனை முதுகுகளின் வலி உறைந்திருக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பேகாருக்கு இமயத்தில் ஒரு பெயர், காவிரிக்கரையில் வேறொரு பெயர், சுமை ஒன்றுதான்.

ஸ்டோக்ஸ் இந்தக் கொடுமையை எதிர்த்து நின்றார். 1920, 1921-ஆம் ஆண்டுகளில் கோட்கர் மக்களை ஒன்றுதிரட்டி, இனிப் பேகார் செய்வதில்லை என்று உறுதி கொள்ளச் செய்தார். அதிகாரிகளுக்கு எழுதினார், நாளேடுகளில் எழுதினார். ஊரார் அச்சுறுத்தலுக்குப் பணியாமல் நின்றனர். இறுதியில் 1921-இல் அரசு இறங்கிவந்தது; கோட்கர்ப் பகுதியில் பேகார் ஒழிந்தது. அதே ஆண்டு அக்டோபரில், இந்தியர் எவரும் அந்நிய அரசின் படையிலோ பணியிலோ இருத்தல் தகாது என்று காந்தியடிகளும் மற்றத் தலைவர்களும் வெளியிட்ட அறிக்கையில் ஸ்டோக்ஸும் கையொப்பமிட்டார். டிசம்பரில் கைது செய்யப்பட்டார். பிணையில் வெளிவர மறுத்து, ஆறு மாதச் சிறைத் தண்டனையை ஏற்றார். இந்திய விடுதலைப் போரில் சிறைபுகுந்த அமெரிக்கர் அவர். பின்னர் 1932-இல் இந்து சமயத்தைத் தழுவிச் சத்தியானந்தர் என்று பெயர் பூண்டார். இளமையில் இறந்த தம் மகன் தாராவின் பெயரால் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். 1946 மே மாதத்தில், நாடு விடுதலை பெறுவதற்கு ஓராண்டும் சில மாதங்களும் இருக்கையில், மறைந்தார்.

பேகார் ஒழிந்ததையும் ஆப்பிள் வந்ததையும் இரண்டு தனி நிகழ்ச்சிகளாகவே நான் படித்திருந்தேன். அந்தப் பாதையில் நின்றபோதுதான் அவை ஒன்றோடொன்று பிணைந்தவை என்று புரிந்தது. அறுவடை நாளில் தன் நேரம் தனக்கு உரியதாக இல்லாதவன், சில வாரங்களுக்குள் பறித்தே தீரவேண்டிய ஒரு பழத்தை எப்படிப் பயிரிடுவான்? முதலில் முதுகு நிமிரவேண்டியிருந்தது. அதன் பிறகே கை மரத்தை நோக்கி உயர்ந்தது.

ஆனால் வரலாறு கதைப்புத்தகம்போல் இன்பமாய் முடிந்துவிடுவதில்லை. ஆப்பிள் செல்வம் தந்தது. அதோடு புதிய கடன்களையும் தந்தது. முதற்கடன் இந்தக் காட்டுக்கு உரியது. பல ஆண்டுக்காலம் ஆப்பிள் மரப்பெட்டிகளிலேயே சென்றது. என் இளமையில் நான் மோந்த அந்த மணத்தில் பாதி, பெட்டிப் பலகையின் மணமாகவே இருந்திருக்க வேண்டும். அந்தப் பலகைகளுக்காகப் பிர் மரங்களும் ஸ்புரூஸ் மரங்களும் ஏராளமாக வீழ்ந்தன. ஓர் ஆண்டுப் பழத்தைச் சந்தைக்கு அனுப்ப நூறாண்டு மரம் பெட்டியாயிற்று. 1980-களிலிருந்து அட்டைப்பெட்டிகள் படிப்படியாக வந்து அந்த அழிவைத் தடுத்தன. எனினும் காட்டு நிலத்தில் நுழைந்து தோட்டம் போட்டவர்களும் உண்டு. அவர்கள் செயல் நீதிமன்றம் வரை சென்றது. "எங்களில் சிலர் வேலியை இரவில் நகர்த்தினார்கள்" என்று பெரியவரே தலைகுனிந்து சொன்னார்.

இரண்டாவது, சந்தையின் கொடுமை. 1990 ஜூலையில் தங்கள் பழத்துக்கு நியாயமான ஆதரவு விலை கேட்டுக் கோட்கரில் உழவர்கள் கிளர்ச்சி செய்தனர். போலீசாரின் துப்பாக்கிச் சூட்டில் மூவர் உயிரிழந்தனர். விடுதலை பெற்ற நாட்டில், விளைந்த பழத்தின் விலைக்காக உயிர் போயிற்று. இதனைச் சொல்லும்போது பெரியவரின் குரல் தாழ்ந்தது.

மூன்றாவது, வானத்தின் மாற்றம். குளிர்காலத்தில் ஏழு பாகைக்கும் குறைந்த குளிர் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் இருந்தால்தான் ரெட் டெலிஷியஸ் மரம் உறக்கம் தெளிந்து செம்மையாகப் பூக்கும். குளிர் இப்போது குறைந்துவருகிறது. பனி காலம் தவறிப் பெய்கிறது. குல்லுவின் தாழ்ந்த சரிவுகளில் ஆப்பிள் நின்ற இடத்தில் மாதுளை நிற்கிறது. ஆப்பிளோ மேலே மேலே ஏறுகிறது. மலைக்கு ஓர் உச்சி உண்டு அல்லவா? அதற்கு மேல் அது எங்கே ஏறும்? குறைந்த குளிரே போதுமென்னும் புதிய வகைகளை ஒட்டுக்கட்டிப் பெரியவரின் பேரன் சோதித்து வருகிறான். அன்று நட்ட பாட்டனாரின் துணிவு அவனுக்கும் வேண்டியிருக்கிறது.

மாலையில் கொட்டகைக்குத் திரும்பினோம். பழங்களை அளவு வாரியாகப் பிரித்து, தட்டுத் தட்டாக அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தனர். காலையில் நான் கண்ட நேபாள இளைஞர்கள் கடைசிச் சுமைகளை இறக்கினர். அவர்களைப் பார்த்தபோது என் மனத்தில் ஓர் ஐயம் எழுந்தது, அதனை மறைக்காமல் பெரியவரிடமே கேட்டேன்: "அன்று உங்கள் பாட்டனார் சுமந்தார், இன்று இவர்கள் சுமக்கிறார்கள். என்ன மாறிவிட்டது?"

நண்பர் இதனை மொழிபெயர்க்கத் தயங்கினார். பிறகு மொழிபெயர்த்தார். பெரியவர் சற்றுநேரம் பேசவில்லை. அதன்பின் சொன்னார்: "இவர்களைக் கேட்டுத்தான் அழைக்கிறோம். பேசிய கூலியைக் கொடுக்கிறோம். பிடிக்காவிட்டால் நாளையே போகலாம். என் பாட்டனாருக்கு இந்த மூன்றும் இல்லை. இது போதுமா என்று கேட்டால், போதாது. ஆனால் இது சிறிய மாற்றம் என்று மட்டும் சொல்லாதீர்கள். இதற்காக ஒருவர் சிறைக்குப் போனார்." அந்தச் சுமைகாரருள் ஒருவன் எங்கள் பேச்சைக் கவனித்தவாறு நின்றான். பெரியவர் ஒரு பழத்தை எடுத்து முதலில் அவனிடம் கொடுத்தார். அடுத்ததை என்னிடம் கொடுத்தார்.

நான் விடைபெற்றபோது வழிக்கென்று ஒரு சிறு பெட்டிப் பழம் தந்தார்கள். ஊர் திரும்பியதும் தெருக்காரர் ஒருவர் என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்து, "வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்டார். "ஒருவருக்கும் இல்லை, வாருங்கள், ஆளுக்கொன்று உண்போம்" என்றேன். திண்ணையில் அமர்ந்து உண்டோம். பிள்ளைகள் விதைகளைத் துப்பினார்கள். அவற்றை ஊன்றினால் முளைக்குமா என்று ஒரு சிறுமி கேட்டாள். முளைத்தாலும் முளைக்கும், ஆனால் நம் ஊர் வெயிலில் அது காய்க்காது என்றேன். அவள் அப்படியும் இரண்டு விதைகளைத் தனியே எடுத்துக் கைக்குள் மூடி வைத்துக்கொண்டாள். இருமுறை வெட்டியும் மீண்டும் தழைத்த அயோவாக் கன்றின் கதையை அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன்.